ரேஷன் கார்டு வழியாக வெள்ள நிவாரணப் பணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடகிழக்குப் பருவமழை ஒவ்வொரு முறை கொட்டித் தீர்த்த பிறகும் இதே கேள்விகள் வருகின்றன. நிவாரணப் பணத்தை ஏன் ரேஷன் கடையில் தருகிறார்கள்? கார்டு இல்லாதவர் எங்கே போவது? பக்கத்துத் தெருவுக்குக் கிடைத்தது எங்களுக்கு ஏன் இல்லை? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் ரூ.6,000 கொடுத்ததை முக்கிய உதாரணமாக வைத்து, தெரிந்த அளவுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

வெள்ள நிவாரணத்துக்கும் ரேஷன் கடைக்கும் என்ன சம்பந்தம்?

வெள்ளம் வந்த மறுநாள் அரசுக்குப் பணத்துக்கும் முன்னால் ஒரு பட்டியல் தேவைப்படுகிறது. எந்தத் தெருவில் எந்தக் குடும்பம் இருக்கிறது, பணத்தை யார் கையில் கொடுப்பது, அவர்தான் இவர் என்று எப்படி உறுதி செய்வது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அதைப் புதிதாகத் தயாரிக்கத் தொடங்கினால் வாரக்கணக்கில் இழுக்கும்.

தமிழ்நாட்டில் அந்தப் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. 2 கோடிக்கும் மேற்பட்ட குடும்ப அட்டைகள் புழக்கத்தில் உள்ளன. 2017 முதல் அவை ஸ்மார்ட் கார்டுகளாக மாறி, கடையில் கைரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறையும் வந்துவிட்டது. எந்தக் கார்டு எந்தக் கடையைச் சேர்ந்தது என்பது கணினியில் பதிவாகியிருக்கிறது. இன்னொரு விஷயமும் உண்டு. பல மாநிலங்களில் ரேஷன் என்பது ஏழைகள் என்று அடையாளம் காணப்பட்டவர்களுக்கு மட்டும்தான். இங்கே பொது விநியோகம் எல்லோருக்குமானது. வெள்ளம் வருமானம் பார்த்து வீட்டுக்குள் நுழைவதில்லை என்பதால், பட்டியல் அகலமாக இருப்பது பெரிய பலம்.

ஆக, மாதாமாதம் அரிசி, பருப்பு தர உருவாக்கிய ஏற்பாட்டின் மேல் அவசரப் பணத்தை ஏற்றி அனுப்புகிறார்கள். உலகின் பல நாடுகளில் முதியோர் உதவித்தொகை, வறுமை உதவித் திட்டம் போன்றவற்றை இதே மாதிரி பயன்படுத்துகிறார்கள்.

மிக்ஜாமின்போது பணம் வர இரண்டு வாரம் ஆனதே, இதையா வேகம் என்கிறீர்கள்?

வீடு நனைந்து கிடப்பவருக்கு இரண்டு வாரம் நீண்ட காலம்தான். ஆனால் முன்பு எப்படி இருந்தது என்று பாருங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் குடிசை இழந்தவர்களுக்கு ரூ.10,000, வெள்ளம் புகுந்த நிரந்தர வீடுகளுக்கு ரூ.5,000 என்று அறிவித்தார்கள். அதற்கு வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். வந்தவர்கள் எங்கள் சந்துக்குள் வரவே இல்லை, மாடியில் இருப்பவரை விட்டுவிட்டார்கள், வங்கிக் கணக்கு எண்ணைத் தப்பாக எழுதிவிட்டார்கள் என்று புகார்கள் குவிந்தன. பணம் கணக்குகளுக்குப் போய்ச் சேர்ந்தபோது 2016 ஜனவரி ஆகிவிட்டது.

2023-ல் டிசம்பர் 3, 4 தேதிகளில் மழை. 9-ஆம் தேதி முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் ரூ.6,000 அறிவித்தார். டோக்கன் வீடு தேடி வந்தது. 17-ஆம் தேதி வேளச்சேரியில் விநியோகம் தொடங்கியது. சென்னை முழுவதும், திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட வட்டங்களிலுமாக 24 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இதற்குள் வந்தன. வீடு வீடாகக் கணக்கெடுக்கும் வேலை இல்லாமல் போனதுதான் இந்த வேகத்துக்கு முக்கியக் காரணம்.

இவ்வளவு பணத்தைக் கடைகளில் ரொக்கமாகக் கொடுக்க எங்கே கற்றுக்கொண்டார்கள்?

பொங்கல் பரிசில். இதை நான் முழு மனதோடு சொல்கிறேன். பச்சரிசி, சர்க்கரை, கரும்போடு பணமும் சேர்த்துக் கொடுக்கும் பழக்கம் தேர்தல் கணக்கு என்று விமர்சிக்கப்படுகிறது. அந்த விமர்சனம் ஒரு பக்கம் இருக்கட்டும். 2021 பொங்கலுக்கு ரூ.2,500 கொடுத்தார்கள். அதே ஆண்டு கொரோனா இரண்டாம் அலையில் அரிசி கார்டுக்கு ரூ.4,000, இரண்டு தவணையாக வந்தது. சுமார் 2 கோடி குடும்பங்கள். ஒரு நாளைக்கு ஒரு கடையில் எத்தனை டோக்கன் தாங்கும், எந்தத் தெருவுக்கு எந்த நேரம், கூட்டுறவு வங்கியிலிருந்து ரொக்கம் எப்போது கடைக்கு வர வேண்டும், கைரேகை விழாத பாட்டிக்கு என்ன மாற்று வழி என்பதெல்லாம் அந்த விநியோகங்களில் பழகியவை. பேரிடர் ஒத்திகை என்று யாரும் அவற்றுக்குப் பெயர் வைக்கவில்லை. ஆனால் ஒத்திகை நடந்துவிட்டது.

அந்தக் கடை விற்பனையாளர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்களில் பலருடைய சொந்த வீட்டிலேயே தண்ணீர் புகுந்திருக்கும். கடையில் மூட்டைகள் நனைந்திருக்கும். அந்த நிலையில் கட்டுக் கட்டாகப் பணத்தை எண்ணிக் கொடுத்து, மாலையில் கணக்கும் ஒப்படைத்தார்கள். பணம் குறைந்தால் அவர்கள் தலையில்தான் விடியும். அந்த நாள்களுக்கு அவர்களுக்குத் தனிப்படியும், கடைக்குக் கூடுதலாக ஒரு ஆளும் கொடுப்பது நியாயம்.

பொருளாகக் கொடுத்தால் போதாதா? பணம் கொடுத்தால் டாஸ்மாக்குக்குப் போகாதா?

முதல் மூன்று நாளுக்குப் பொருள்தான் வேண்டும். சாப்பாடு, குடிதண்ணீர், பால், போர்வை. மிக்ஜாம் நாள்களில் சென்னையில் பால் பாக்கெட் கிடைக்காமல் மக்கள் அலைந்தது நினைவிருக்கும். கடையே திறக்காத இடத்தில் கையில் 6,000 ரூபாய் இருந்து என்ன செய்வது?

அதற்கு அப்புறம் கதை மாறுகிறது. ஒரு வீட்டில் பிள்ளையின் புத்தகம் போயிருக்கும், இன்னொரு வீட்டில் பைக் எஞ்சினுக்குள் தண்ணீர், மூன்றாவது வீட்டில் பத்து நாள் கூலி. இட்லிக் கடை வைத்திருந்த அம்மாவுக்கு கிரைண்டர் மோட்டார் கருகியிருக்கும். எல்லோருக்கும் பொருந்தும் ஒரு நிவாரணப் பையை யாராலும் கட்ட முடியாது. பணமாக இருந்தால் அவரவர் தேவையை அவரவரே பார்த்துக்கொள்வார்கள். அது அந்தத் தெருக் கடைகளுக்கே திரும்பப் போகும் என்பது கூடுதல் நன்மை.

குடி பற்றிய கேள்விக்கு வருகிறேன். ஃபிஜித் தீவில் 2016 பிப்ரவரியில் வின்ஸ்டன் புயல் அடித்த பிறகு, நலத்திட்டப் பயனாளிகளுக்குக் கூடுதல் தொகை கொடுத்து, அதை எப்படிச் செலவழித்தார்கள் என்று பின்னர் ஆய்வு செய்தார்கள். ஏறத்தாழ முழுத் தொகையும் உணவுக்கும் வீட்டுப் பழுதுக்கும் மற்ற அத்தியாவசியங்களுக்கும்தான் போயிருந்தது. சில வீடுகளில் பணம் குடிக்குப் போகும் என்பதை மறுக்கவில்லை. அதற்காக 24 லட்சம் குடும்பங்களையும் சந்தேகத்தோடு பார்ப்பது சரியில்லை. ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

வங்கிக் கணக்கில் போட்டிருந்தால் வரிசையே இருந்திருக்காதே?

நியாயமான கேள்வி. இதைக் கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கும் வந்தது. ரொக்கமாகக் கொடுப்பதை நீதிமன்றம் தடுக்கவில்லை.

கணக்கில் போடுவது சுத்தமான வழி என்று நினைக்கிறோம். ஆனால் ஏடிஎம் அட்டையும் பாஸ்புக்கும் வெள்ளத்தோடு போன வீட்டுக்கு அது எளிதில்லை. கரண்ட் இல்லாத பகுதியில் ஏடிஎம்மும் இயங்காது. ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்றே பலருக்குத் தெரியாது. என்றோ திறந்து மறந்துபோன கணக்கில் பணம் விழுந்து கிடக்கும். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகையின் முதல் ரூ.1,000 வந்தபோது, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சொல்லி சில வங்கிகள் அதிலேயே பிடித்தம் செய்தன. அப்படிச் செய்யக் கூடாது என்று அரசு எச்சரிக்க வேண்டியிருந்தது. வெள்ள நிவாரணத்திலும் அது நடந்தால் எப்படி இருக்கும்?

பக்கத்திலேயே வேறு உதாரணமும் இருக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலுக்குப் பின், புதுச்சேரி அரசு குடும்ப அட்டைக்கு ரூ.5,000 அறிவித்து வங்கிக் கணக்கில் செலுத்தியது. அங்கே ரேஷன் கடைகள் பல ஆண்டுகள் மூடிக் கிடந்து, அரிசிக்கான பணமே கணக்கில்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த ஊர் மக்களுக்குப் பழகிய வழி அது. இதிலிருந்து எனக்குத் தெரிவது இதுதான்: மக்கள் மாதாமாதம் எந்த வழியில் அரசிடமிருந்து வாங்கிப் பழகியிருக்கிறார்களோ, அவசரத்துக்கும் அந்த வழியே நல்லது. புயல் நேரத்தில் புதிய செயலி, புதிய அட்டை என்று ஆரம்பிக்கவே கூடாது.

தண்ணீரே வராத மாடி வீட்டுக்காரருக்கும் கிடைத்ததே. இது வீண் செலவு இல்லையா?

சென்னையில் எல்லா வட்டங்களையும் மொத்தமாகச் சேர்த்ததால் அப்படி நடந்தது. வேகம் வேண்டும் என்றால் இந்த விலையைக் கொடுக்கத்தான் வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் எத்தனை அடி நின்றது என்று அளக்கத் தொடங்கினால் 2015-க்கே திரும்பிப் போவோம். மேலும், வீட்டுக்குள் தண்ணீர் வராதவருக்கும் வேலை போயிருக்கும். அம்பத்தூர் தொழிற்பேட்டை மூழ்கினால் அங்கே வேலை பார்ப்பவர் எந்த மாடியில் குடியிருந்தாலும் அந்த நாள்களின் கூலி இல்லை.

தேவையில்லாதவருக்குக் கிடைப்பது ஒரு பிழை. தேவையானவருக்குக் கிடைக்காமல் போவது அதைவிடப் பெரிய பிழை. முதலாவதற்குச் செலவு கூடும், அவ்வளவுதான். இரண்டாவதில் ஒரு குடும்பம் கந்துவட்டிக்குப் போகும், அல்லது தாலியை அடகு வைக்கும். ஃபிஜியிலும் பாதிப்பு இருந்ததா இல்லையா என்று பார்க்காமல், நாடு முழுவதும் உள்ள பயனாளிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அதற்காக எல்லோருக்கும் கொடு என்று சொல்லவில்லை. வருமான வரி கட்டுவோர், அரசு அதிகாரிகள், சர்க்கரை கார்டு வைத்திருப்பவர்கள் ஆகியோரை மிக்ஜாமின்போது நேரடியாகச் சேர்க்காமல், பாதிப்பைச் சொல்லி விண்ணப்பிக்கச் சொன்னார்கள். அந்தப் பிரிவு எனக்குச் சரியாகவே படுகிறது.

கார்டு இல்லாதவர்கள் என்ன ஆனார்கள்?

இந்த முறையின் உண்மையான ஓட்டை இங்கேதான் இருக்கிறது.

கார்டு இல்லாதவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். புதிதாகக் கல்யாணமாகி வந்தவர்கள், அதாவது பெற்றோர் கார்டிலிருந்து பெயர் நீக்கி, புதிய கார்டுக்கு மனுப் போட்டுக் காத்திருப்பவர்கள். கட்டட வேலைக்கு வந்த பீகார், ஒடிசா தொழிலாளர்கள். சமூகச் சான்றோ முகவரிச் சான்றோ இல்லாமல் ஏரிக்கரையில் வசிக்கும் இருளர் குடும்பங்கள். வீட்டை விட்டு வந்து சேர்ந்து வாழும் திருநங்கைகள். தெருவோரம் தூங்குபவர்கள். அதாவது மழை வந்தால் முதலில் நனைபவர்கள். இதில் இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. மகளிர் உரிமைத்தொகைக்கான சரிபார்ப்பு நடந்ததால் 2023 நடுவிலிருந்து புதிய கார்டு தருவதே நின்றிருந்தது. டிசம்பரில் வெள்ளம் வந்தபோது, மனுப் போட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

கார்டு இல்லாதவர்களும் அந்தப் பகுதி ரேஷன் கடையில் விண்ணப்பம் கொடுக்கலாம் என்று அரசு வழி திறந்தது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. இந்த எண்ணிக்கையே பட்டியல் எவ்வளவு பேரை விட்டிருந்தது என்பதைக் காட்டுகிறது. கார்டு வைத்திருந்தவர் டோக்கனோடு போய்ப் பணம் வாங்கி வந்தார். கார்டு இல்லாதவர் ஆதாரும் வங்கிக் கணக்கு விவரமும் எழுதிக் கொடுத்துவிட்டு, பரிசீலனைக்குக் காத்திருந்தார். இரண்டு வேகம். ஏழ்மையில் அதிகம் இருப்பவருக்குத்தான் மெதுவான வழி கிடைத்தது. இதை மாற்றாமல் இந்த முறையைப் பாராட்டிக்கொண்டே இருக்க என்னால் முடியாது.

நாங்கள் வாடகை வீட்டில் இருக்கிறோம். கார்டு சொந்த ஊர் முகவரியில் இருக்கிறது. எங்களுக்குக் கிடைக்குமா?

டோக்கன் கார்டிலுள்ள முகவரிக்குத்தான் போகும். ஊரில் மழையே இல்லை என்றால் அங்கே கேட்டுப் பயனில்லை. மிக்ஜாமின்போது வேறு மாவட்டக் கார்டு வைத்திருந்தவர்களும் விண்ணப்பம் கொடுத்தார்கள். ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம். எங்கும் அரிசி வாங்கலாம் என்ற வசதி வந்த பிறகு, முகவரி மாற்றுவதைப் பலர் தள்ளிப் போடுகிறார்கள். அரிசிக்கு அது பரவாயில்லை, நிவாரணத்துக்கு அது சிக்கல். வாடகை ஒப்பந்தம், எரிவாயு ரசீது போல ஏதாவது ஒரு சான்றை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் ஒப்பந்தம் எழுதித் தர மறுப்பது பெரும்பாடு என்று தெரியும். குடியிருக்கும் தெருவில் நாலு பேர் சாட்சி சொன்னால் போதும் என்று விதி மாற வேண்டும்.

மிக்ஜாமுக்கு 6,000, ஃபெஞ்சலுக்கு 2,000. எந்தக் கணக்கு இது?

மக்கள் கோபப்படுவது இதில்தான். கோபத்தில் நியாயம் இருக்கிறது.

மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய அரசு 75 சதவீதம், மாநிலம் 25 சதவீதம் தருகிறது. 2022-26 காலத்துக்கான மத்திய விதிமுறையில், வீடு மோசமாக மூழ்கிய குடும்பத்துக்கு ஆடைக்கு ரூ.2,500, பாத்திரங்களுக்கு ரூ.2,500 என்று இருந்தது. அதற்கு மேலேயோ, அதைவிட அதிகம் பேருக்கோ கொடுக்க நினைத்தால் மாநிலம் தன் பணத்தைப் போட வேண்டும். அதனால் ஒவ்வொரு முறையும் தொகை புதிதாக முடிவாகிறது. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, தூத்துக்குடியும் நெல்லையும் மூழ்கின. அங்கே கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களுக்கு ரூ.6,000, மற்ற வட்டங்களுக்கு ரூ.1,000. ஃபெஞ்சலில் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சிக்கு ரூ.2,000. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பெய்திருந்தது. விழுப்புரத்துக்காரர் ‘சென்னைத் தண்ணீர் மட்டும் தண்ணீரா’ என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

இவ்வளவு நாள் தண்ணீர் நின்றால் இவ்வளவு, இத்தனை பேர் கொண்ட குடும்பத்துக்கு இவ்வளவு என்று மழைக்காலத்துக்கு முன்பே அரசாணையாக எழுதி வைத்துவிடலாம். இரண்டு பேர் உள்ள வீட்டுக்கும் ஏழு பேர் உள்ள வீட்டுக்கும் ஒரே தொகை என்பதையும் அப்போதே சரி செய்யலாம். கார்டில் உறுப்பினர் எண்ணிக்கை இருக்கத்தானே செய்கிறது?

வீடு இடிந்தது, மாடு செத்தது என்றால் அதுவும் இதிலேயே அடங்குமா?

அடங்காது. அது தனி. மிக்ஜாமின்போது சேதமடைந்த குடிசைக்கு ரூ.8,000, பாதிக்கப்பட்ட நெற்பயிருக்கு எக்டேருக்கு ரூ.17,000, பசு, எருமைக்கு ரூ.37,500 என்று அறிவித்தார்கள். இவற்றுக்கு கிராம நிர்வாக அலுவலர் பார்த்து அறிக்கை தர வேண்டும். போட்டோ எடுத்து வையுங்கள். 6,000 வாங்கிவிட்டதால் இவற்றைக் கேட்கக் கூடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மற்ற நாடுகளில் எப்படிச் செய்கிறார்கள்?

பிலிப்பைன்ஸில் ஏழைக் குடும்பங்களுக்கு மாதப் பணம் தரும் ‘பான்டாவிட்’ என்ற திட்டம் உண்டு. பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும், தாய் சுகாதார நிலையத்துக்கு வர வேண்டும் என்பது நிபந்தனை. 2013 நவம்பரில் ஹையான் புயல் பள்ளிகளையே அடித்துக்கொண்டு போனதால், பாதிக்கப்பட்ட இடங்களில் நிபந்தனையை நிறுத்தி வைத்துப் பணத்தைத் தொடர்ந்தார்கள். அதே பட்டியலைப் பயன்படுத்தி ஐ.நா.வின் உலக உணவுத் திட்ட அமைப்பு இரண்டு மாதத்துக்கு மாதம் 1,300 பெசோ கூடுதலாகச் சேர்த்தது.

எனக்கு மிகவும் பிடித்தது கென்யாவின் வறண்ட வடக்கில் நடப்பது. துர்கானா, மார்சபிட், வஜீர், மண்டேரா ஆகிய நான்கு மாவட்டங்களில், திட்டம் விரிவாவதற்கு முன் வழக்கமான உதவி சுமார் ஒரு லட்சம் குடும்பங்களுக்குத்தான் போனது. ஆனால் பதிவு செய்யும்போதே ஏறத்தாழ எல்லாக் குடும்பங்களையும் பதிந்து, வங்கிக் கணக்கும் திறக்க ஏற்பாடு செய்தார்கள். செயற்கைக்கோள் படத்தில் பசுமை ஒரு அளவுக்குக் கீழே போனால், வழக்கமாக வாங்காதவர்களுக்கும் அவசரப் பணம் போகும். யாரும் அறிவிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, அளவு முன்பே எழுதப்பட்டிருக்கிறது.

ஃபிஜியில் வின்ஸ்டனுக்குப் பிறகு ஒரு மாதத்துக்குள், வறுமை உதவி பெறும் குடும்பங்களுக்கு மூன்று மாதத் தொகையாக 600 ஃபிஜி டாலர் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தக் குடும்பங்கள், சற்று மேல்நிலையில் இருந்ததால் திட்டத்துக்குள் வராத குடும்பங்களைவிட வேகமாக மீண்டன. பட்டியலில் இருந்தவருக்குக் கை கிடைத்தது, வெளியே நின்றவருக்கு இல்லை. இங்கே கார்டு இல்லாதவர் நிலையும் அதுதான்.

புயல் வரும் முன்பே கொடுத்தால் என்ன?

கொடுக்கலாம். வங்கதேசத்தில் 2020 ஜூலையில் ஜமுனா ஆற்று (அங்கே பிரம்மபுத்திராவுக்கு அந்தப் பெயர்) வெள்ளம் உச்சத்தைத் தொடும் முன்பே, முன்னறிவிப்பை நம்பி, கரையோரக் குடும்பங்களுக்கு பிகாஷ் என்ற கைப்பேசிப் பணச் சேவை வழியாக 4,500 டாக்கா அனுப்பினார்கள். ஆட்டை மேட்டுக்கு ஏற்ற, அரிசி வாங்கி வைக்க அது உதவியது. நம் ஊரில் புயல் எங்கே கரை கடக்கும் என்பது கடைசி நேரத்தில் மாறும். மிக்ஜாமே சென்னையை நனைத்துவிட்டு ஆந்திராவின் பாபட்லா அருகேதான் கரை கடந்தது. அதனால் முழுத் தொகையையும் முன்னால் கொடுப்பது கடினம். ஆனால் அடையாறு, கூவம், கொசஸ்தலை கரையோரக் கடைகளில் மட்டும் ஒரு சிறு தொகையும், இரண்டு மாத அரிசியும் முன்கூட்டியே கொடுத்துப் பார்க்கலாம். எந்தெந்தத் தெருவில் ஆண்டுதோறும் தண்ணீர் ஏறுகிறது என்பது மாநகராட்சிக்குத் தெரியும்.

மகளிர் உரிமைத்தொகைப் பட்டியலைப் பயன்படுத்தலாமே?

ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்குகள் அதில் தயாராக இருக்கின்றன, உண்மைதான். ஆனால் ஆண்டு வருமானம், நிலம், மின் பயன்பாடு, கார் என்று பார்த்து வடிகட்டிய பட்டியல் அது. வெள்ளத்தில் சிக்கிய ஆட்டோக்காரர் வீடு அதில் இல்லாமல் போகலாம். அதை முதல் தவணைக்கு வைத்துக்கொள்ளலாம்: மழை நின்ற இரண்டாம் நாளே ஒரு தொகை கணக்குக்கு, மீதி கடையில் டோக்கனுக்கு. இரண்டும் சேர்ந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

அடுத்த மழைக்கு முன் நான் என்ன செய்து வைக்க வேண்டும்?

கார்டில் கைப்பேசி எண் இப்போது நீங்கள் பயன்படுத்துவதுதானா என்று பாருங்கள். முகவரியையும் பாருங்கள். தனிக்குடும்பமாக வந்துவிட்டால் புதிய கார்டுக்கு உடனே மனுப் போடுங்கள். விரலடையாளம் பதியச் சொன்னால் வயதானவர்களையும் அழைத்துக்கொண்டு போய்ப் பதிந்துவிடுங்கள். கார்டு, ஆதார், பாஸ்புக் நகல்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரண் மேல் வையுங்கள்.

உங்கள் வீட்டு வேலை முடிந்ததும் தெருக்கோடியில் இருக்கும் குடிசைக்கும் போய்க் கேளுங்கள். மனு எழுதத் தெரியாததால் மட்டுமே கார்டு இல்லாமல் இருப்பவர்கள் நிறைய.

டோக்கன் வரவில்லை, அல்லது கடையில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கே போவது?

முதலில் கடையில் உள்ள பட்டியலைப் பார்க்கக் கேளுங்கள். பெயர் இருந்து டோக்கன் மட்டும் வராமல் போவது சாதாரணமாக நடப்பதுதான். பெயரே இல்லை என்றால் வட்ட வழங்கல் அலுவலகம், சென்னையில் உதவி ஆணையர் அலுவலகம். 1967 அல்லது 1800 425 5901 என்ற இலவச எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் பொது விநியோகக் குறைதீர் முகாமிலும் மனுக் கொடுக்கலாம். எங்கே கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பி வராதீர்கள்.